பிடியரிசி தந்த ஊரில் ஒருநாள் வசூல் போதாது

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறினால், சுற்றுவட்டாரப் பள்ளிகள் தம்மால் ஆனதைச் செய்கின்றன. காலை இறைவணக்கக் கூட்டத்தில் மௌன அஞ்சலி. பிறகு ஆளுக்குப் பத்து, இருபது என்று வசூல். அரிசி மூட்டை, துணிமணி, நோட்டுப் புத்தகம். மனம் இளகித் தரும் உதவி அது. ஆனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் தாயை இழந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்க இன்னும் ஒன்பது வகுப்புகள் ஏற வேண்டும். அத்தனை ஆண்டுகளும் அந்தப் பிள்ளை வகுப்பறையில் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டியது யார்? பட்டாசுப் பகுதிப் பள்ளிகள் விடை சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை இடையில் நிற்காமல் படித்திருந்தால் 2022-இல் பிளஸ் டூ எழுதியிருக்கும். அதற்குள் 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று, தீபாவளி வேலை மும்முரமாக நடந்த நேரத்தில், ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 உயிர்கள் போயின. 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. செய்தித்தாளில் இவை ஊர்ப் பெயர்களாக வந்து போகின்றன. பள்ளிக்கூடத்துக்கோ இவை வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள். இறந்தவர்களில் பெண்கள் ஏராளம். காலையில் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆலை வண்டியில் ஏறியவர்கள்.

இப்படி ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளையின் படிப்பு ஒரே நாளில் நிற்பதில்லை. மெள்ள மெள்ளத் தேய்கிறது. முதல் பதினாறு நாள் யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு, எஞ்சியிருக்கும் தாயோ தகப்பனோ மீண்டும் வேலைக்குப் போக வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் ஒருநாள் போகாவிட்டால் அன்றைய வரும்படி இல்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்கிறாள். இறப்பில்லாமல் தீக்காயத்தோடு தப்பியவர் என்றால் சிவகாசி அரசு மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று அலைச்சல்; கூடமாட இருக்க ஓர் ஆள் வேண்டும்; அதுவும் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைதான். வாரத்தில் இரண்டு நாள் வராமல் போவது நான்கு நாளாகிறது. கணக்குப் பாடம் பிடிபடாமல் போகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய சரிவு இது. அப்படிக் கேட்கும் இடத்தில் இருப்பது பள்ளிக்கூடம் ஒன்றுதான். வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கோப்பு தெரியும். பிள்ளையின் முகம் தெரியாது.

ஆகவே, பட்டாசுப் பகுதியில் ஒரு பள்ளியின் தொண்டு எவ்வளவு ரூபாய் திரட்டியது என்பதால் அளக்கப்படக் கூடாது. எத்தனை ஆண்டு ஒரு பிள்ளையோடு நின்றது என்பதால் அளக்கப்பட வேண்டும். இதற்கு வெளியூர் முன்மாதிரி எதையும் தேட வேண்டியதில்லை. விருதுநகரே இதற்குப் பழகிய ஊர்.

கட்டணம் இல்லாத பள்ளியும் காமராஜரும்

விருதுநகர், விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1889-இல் தொடங்கப்பட்டது சத்திரிய வித்தியாசாலை. அரசு பெரிதாக எதுவும் தராத நாளில் அந்தப் பள்ளியை நிமிர்த்தியவை இரண்டு பழக்கங்கள். ஒன்று, மகமை. மிளகாய், பருத்தி, பருப்பு என்று சந்தைக்கு வந்த சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கிய சிறு பங்கு அது. சாதிச் சங்கமான உறவின்முறை அதைத் திரட்டிப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டது. மற்றது, பிடியரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது அடுப்படிப் பெண் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். சேர்ந்த அரிசியை வீடு வீடாக வாங்கிப் பணமாக்கிப் பள்ளிக்குத் தருவார்கள். கொடுப்பவருக்குப் பாரம் தெரியாத அளவு சிறிது. ஆனால் நாள் தவறாதது. அந்த முறையின் பலமெல்லாம் அந்த நாள் தவறாமையில்தான் இருந்தது. எந்த வீட்டுப் பிடி எந்தப் பிள்ளைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் பெருமை பேசவோ, பெற்றவர் தலைகுனியவோ அங்கே இடமில்லை.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். அதே காமராஜர் அங்கே படிப்பை முடிக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சிறு வயதிலேயே தந்தை குமாரசாமி இறந்துபோனார், குடும்பம் நொடித்தது, ஆறாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் பள்ளியை விட்டுத் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். ஊரே பிடியரிசி தந்து நடத்திய பள்ளி; கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் சம்பாதித்துப் போட ஆள் இல்லாத வீடு பிள்ளையைக் கடைக்கு இழுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தைத் திறந்து வைப்பது ஒரு வேலை. தகப்பனை இழந்த பிள்ளையை அதற்குள் இருத்திவைப்பது வேறொரு வேலை. முன்னதில் விருதுநகர் வென்றது. பின்னதில், தன் மிகப் பெரிய மகனின் விஷயத்திலேயே, தோற்றது.

முதலமைச்சரான பிறகு காமராஜர் அந்த இரண்டாம் வேலையைக் கையில் எடுத்தார். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் பெரிதும் ஊர்மக்களின் கொடையில்தான் நடந்தது. அரசு நிதி பின்னால் வந்து சேர்ந்தது. 1958 முதல், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முனைப்பில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாநிலமெங்கும் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, சுற்றுச்சுவர், சீருடை, நிலம் என்று தங்கள் ஊர்ப் பள்ளிக்கு இல்லாததை ஊர்மக்களே பட்டியலிட்டார்கள். மேடையில் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பொருள்கள் பள்ளிகளுக்கு வந்தன. அரசு ஒருபக்கம், ஊர் ஒருபக்கம் என்று பிரித்துப் பார்க்காத காலம் அது. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் அதே நூலைப் பிடித்துத்தான் வருகிறது. மதுரை யா. கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள் தமது ஒன்றரை ஏக்கர் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்ததும், 2024 குடியரசு நாளில் அரசு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியதும் நாம் கண்டதே. கொடுக்கிற மனம் தென்மாவட்டங்களில் வற்றவில்லை. ஆனால் இந்தக் கொடைகளில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் பொருளுக்கும் போகிறது. பிள்ளைக்குத் துணையாக நிற்கும் ஆளுக்கு அதில் கணக்கே இல்லை.

மகமை ஒரு சாதிக்குள் நடந்த ஏற்பாடு, அதை இன்று முன்மாதிரியாகச் சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டாசு ஆலையின் அறைக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவர்கள் ஒரே சாதிக்காரர்கள் அல்லர். வெடிக்கும்போது எல்லோரும்தான் கருகுகிறார்கள். சாதிச் சங்கம் தன் பிள்ளைகளுக்கு மட்டும் தரும் உதவி, துணைக்கு ஆளே இல்லாத குடும்பத்தை இன்னும் தனியாக்கும். ஆகவே அந்த முறையின் ஒழுங்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலியை விட்டுவிட வேண்டும். சிறு தொகை, தவறாத தவணை, ஊரறிய வாசிக்கப்படும் வரவுசெலவு ஆகிய மூன்றையும் பள்ளி என்ற பொது இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளி வாசலுக்குள் நுழையும் எல்லாப் பிள்ளைக்கும் அது சமமாகச் சேர வேண்டும்.

பணத்துக்கு முன் வேண்டியது ஆள்

விபத்து நடந்த வீட்டில் பணத்துக்கு முன்பே தேவைப்படுவது, காகிதம் தெரிந்த ஓர் ஆள். இழப்பீடும் உதவித்தொகையும் கையில் வந்து சேர என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கையின் நகல், வாரிசுச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதாரில் ஒரே மாதிரி எழுதப்பட்ட பெயர். கடைசியில் சொன்னதுதான் பலருக்குப் பெரிய முட்டுக்கட்டை. பள்ளிப் பதிவேட்டில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் வேறொன்று, இறந்த தாயின் பெயர் குடும்ப அட்டையில் ஓர் எழுத்து பிசகி இருக்கும். அந்த ஓர் எழுத்துக்காக ஒரு கைம்பெண் கூலியை இழந்து இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் நடையாய் நடக்க வேண்டும். ஒருமுறை போய்த் திரும்பினால் போக்குவரத்துச் செலவும் ஒருநாள் கூலியும் போயிற்று. மூன்று முறை போனவர் நான்காம் முறை போக மாட்டார்.

இதைச் செய்ய நிபுணர் வேண்டியதில்லை. பிளஸ் டூ படிக்கும் மாணவனாலும் கல்லூரி முதலாண்டு மாணவியாலும் முடியும். அவர்களுக்கு அதற்கான அமைப்பும் ஏற்கெனவே இருக்கிறது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் கல்லூரித் தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. சிவகாசியிலும் விருதுநகரிலும் பழம்பெருமை கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மணி நேரங்களில் எவ்வளவு கோயில் வளாகத்தைக் கூட்டுவதிலும், பதாகை பிடித்து ஊர்வலம் போவதிலும் செலவாகிறது என்பதைக் கல்லூரிகளே நேர்மையாகக் கணக்குப் பார்க்கட்டும். ஒரு தொண்டர் ஒரு குடும்பத்தை ஓராண்டு ஏற்றுக்கொண்டு, மாதம் இருமுறை போய்ச் சான்றிதழ்களைச் சரிபார்த்து, பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தால், அந்த 120 மணி நேரத்தில் பாதிகூடச் செலவாகாது.

படிப்புக் கெடும் என்ற தயக்கம் பெற்றோருக்கு இருக்கும். விருதுநகர் தேர்ச்சி விகிதத்தில் பெயர்பெற்ற மாவட்டம். 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றும் பதற்றம் பள்ளிகளில் தெரிகிறது. அதே 2018-இல் இதே மாவட்டம், வளர்ச்சியில் பின்தங்கியவை என்று நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்தவை இதுவும் ராமநாதபுரமும்தான். தேர்வில் முதலிடமும் வாழ்க்கையில் பின்தங்கலும் ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்தில். தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுத உட்கார்ந்தவர்களின் கணக்கு. பத்தாம் வகுப்புக்கு முன்பே விலகிப்போன பிள்ளை அதில் தோல்வியாகக்கூட எண்ணப்படுவதில்லை. அப்படி விலகும் பிள்ளையை நிறுத்திவைக்கும் வேலையில் சக மாணவர்கள் வாரம் ஒரு மணி நேரம் செலவிடுவது அவர்கள் படிப்புக்கு ஊறு செய்யாது. தம்பிக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும் அண்ணனுக்கும் பின்னம் தெளிவாகிறது.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதற்கு ஒரு சான்று. கொரோனாவால் விழுந்த கற்றல் இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் மாநிலமெங்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் பங்கேற்றார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். திண்ணையிலும் சாவடியிலும் மாலை நேர வகுப்பு நடந்தது. பிள்ளை வராவிட்டால் அடுத்த வீட்டில் இருக்கும் அக்கா போய்க் கூட்டிவருவாள். வெளியூரிலிருந்து வாகனத்தில் வந்து இனிப்பு வழங்கிப் போகும் தொண்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை.

அரசும் ஆலையும் இருக்கும்போது பள்ளி எதற்கு?

இந்த யோசனைக்கு எதிராக வரக்கூடிய வலுவான வாதம் இதுதான்: அரசு ஏற்கெனவே பொறுப்பேற்றுவிட்டது. உண்மைதான். பட்டாசு விபத்தில் உயிரிழக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்காக மாவட்ட அளவில் தனி நிதியம் அமைத்து முதல் கட்டமாக ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் 2024 நவம்பரில் விருதுநகரில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், காலை உணவு என்று துணைநிற்கும் திட்டங்களும் உண்டு. இவை பெரிய காரியங்கள். இவற்றைக் குறைத்து மதிப்பது அநீதி.

ஆனாலும் இடைவெளிகள் இருக்கின்றன. முதலிப்பட்டி பிள்ளை பள்ளியை முடித்த பிறகுதான், அல்லது விட்ட பிறகுதான், அந்தக் கல்வி அறிவிப்பே வந்தது. அறிவிப்பு உயிரிழந்தோரின் பிள்ளைகளைக் குறித்தது. இரு கைகளும் வெந்து இனி வேலைக்குப் போக முடியாத தகப்பனின் பிள்ளையும் அதே சரிவில்தான் நிற்கிறது. உரிமம் இல்லாத தகரக் கொட்டகையிலோ, வீட்டுக்குள்ளேயோ வெடி சுற்றும்போது விபத்து நேர்ந்தால், குடும்பம் தன் துயரத்தையே வெளியில் சொல்ல அஞ்சுகிறது. எங்கே வேலை பார்த்தார் என்று எழுதிக்கொடுக்க ஆளிருக்காது. இவற்றுக்கும் மேலாக, திட்டம் எவ்வளவு நல்லதானாலும் அது விண்ணப்பித்தவரைத்தான் அறியும். விண்ணப்பிக்காதவர் யார் என்று சொல்லக்கூடியவர் வகுப்பாசிரியர். அரசு தரும் பணத்தைப் பிள்ளைவரை கொண்டுசேர்க்கும் கடைசி ஒரு மைல், பள்ளியின் வேலை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. பள்ளியும் ஊரும் உதவி செய்யத் தொடங்கினால் ஆலை உரிமையாளர் தப்பித்துக்கொள்ள மாட்டாரா? விதியை மீறி ஆலையைக் குத்தகைக்கு விட்டு, அறைக்கு அனுமதித்ததைவிட அதிக ஆளை உட்காரவைத்து, மரத்தடியில் வேலை வாங்கிய ஒருவரின் பொறுப்பை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இந்தக் கோபம் முற்றிலும் நியாயம். சட்டமும் அதையே சொல்லியிருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதியில் கட்ட வேண்டும் என்றது. அச்சங்குளம் விபத்தில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. யார் தர வேண்டுமோ அவர்தான் தர வேண்டும்.

பள்ளியின் தொண்டு அந்தப் பொறுப்பை மழுங்கச் செய்யாது. முறையாகச் செய்தால் கூர்மையாக்கும். சான்றிதழ்கள் ஒழுங்காக உள்ள குடும்பம்தான் இழப்பீட்டு வழக்கில் நிற்க முடியும். கையில் அடுத்த மாதச் செலவுக்கு வழியுள்ள குடும்பம்தான், ஒரு சிறு தொகையை நீட்டி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். ஆனால் ஒரு நிபந்தனையைப் பள்ளிகள் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்: விபத்து நடந்த ஆலையின் உரிமையாளர் தரும் நன்கொடையைப் பள்ளி தொடக் கூடாது. அவர் தர வேண்டியது இழப்பீடு. அதற்கு இடம் நீதிமன்றமும் தொழிலாளர் துறையும். பள்ளிச் சுவரில் அவருக்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. மற்ற ஆலைகள் தரட்டும், வரவேற்கலாம். கம்பெனிச் சட்டம் கேட்கும் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்பு நிதி பெருநிறுவனங்களுக்கானது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வராத சிறிய, நடுத்தர நிறுவனங்கள். அவர்களுக்குச் சட்டம் தேவையும் இல்லை. மகமை எந்தச் சட்டத்தின்படியும் வந்ததல்ல.

பிள்ளை கையில் உண்டியல் வேண்டாம்

இப்போது நடக்கும் வசூல் முறையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கொடிநாள் என்றாலும் வெள்ளம் என்றாலும் வெடிவிபத்து என்றாலும், பணம் திரட்டும் வேலை பிள்ளைகள் தலையில் விழுகிறது. வகுப்புக்கு இவ்வளவு என்று இலக்கு. கொடுத்தவர் பெயர் வாசிப்பு. கொடுக்காதவர் மேல் எல்லோர் கண்ணும். பட்டாசுப் பகுதி அரசுப் பள்ளியில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? தீபாவளி முடிந்ததும் ஆலை அடைத்து, மீண்டும் திறக்கும்வரை முன்பணத்தில் காலம் தள்ளும் வீடுகளின் பிள்ளைகள். 2018-இல் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது அந்த வீடுகள் பட்ட பாடு மாவட்டத்துக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் பத்து ரூபாய் கொண்டுவரச் சொல்லி, அது கொண்டுவராதபோது எழுப்பி நிற்கவைப்பது தொண்டைக் கற்பிக்காது, வெட்கத்தைத்தான் கற்பிக்கும். உண்டியலோடு பேருந்து நிலையத்திலும் சிக்னலிலும் பிள்ளைகளை நிற்கவைப்பதும் அப்படித்தான். பாதுகாப்பும் இல்லை, கணக்கும் இல்லை.

பெறுகிற பிள்ளையின் நிலை இன்னும் மோசம். மேடைக்கு அழைத்து, காசோலையின் ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்லி, தாயை இழந்த பிள்ளை என்று ஒலிபெருக்கியில் அறிவித்துப் படம் எடுக்கிறார்கள். அடுத்த நாள் அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை அதே வகுப்பில் இன்னும் பல ஆண்டுகள் உட்கார வேண்டும் என்பதையாவது பெரியவர்கள் நினைக்க வேண்டும். உதவி பெற்றதாலேயே பள்ளிக்கு வரக் கூச்சப்படும் பிள்ளையை, பிறகு எந்த நிதியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இனி என்ன செய்யலாம்?

முதலில், பள்ளி மேலாண்மைக் குழுவை இதன் மையமாக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் இக்குழு இருக்கிறது. பெற்றோரே அதில் பெரும்பான்மை. தலைவர் ஒரு தாய். வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஒன்றியங்களின் ஒவ்வொரு பள்ளியிலும் இக்குழு ஒரு துணைப் பதிவேட்டைத் திறக்கட்டும். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளை, காயமுற்ற பெற்றோரின் பிள்ளை ஆகியோரின் பெயர், எந்த உதவி வந்தது, எது நிலுவை, அந்த மாதம் எத்தனை நாள் வந்தது என்பவை மட்டும் அதில் போதும். தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் தவிர வேறு யார் கையிலும் அது போகக் கூடாது. பிள்ளை தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது, மாற்றுச் சான்றிதழோடு அந்தக் குறிப்பும் தலைமையாசிரியரிடமிருந்து தலைமையாசிரியருக்கு நேராகப் போக வேண்டும். ஐந்திலிருந்து ஆறுக்கும், எட்டிலிருந்து ஒன்பதுக்கும் மாறும்போதுதான் பிள்ளைகள் கண்ணிலிருந்து மறைகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தாங்க முடியாத சுமை இருக்கிறது என்பது உண்மை. ஆகவே நடையும் எழுத்தும் ஆசிரியர் வேலையாகக் கூடாது. முன்னாள் மாணவர்களும் கல்லூரித் தொண்டர்களும் அதைச் செய்ய வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதற்கென ஒருநாள் பயிற்சி தரலாம்: எந்தச் சான்று எங்கே, எந்த விண்ணப்பத்துக்கு யார் கையெழுத்து, பிள்ளையிடம் எதைக் கேட்கக் கூடாது என்று. தொண்டர்கள் இருவராகவே வீட்டுக்குப் போக வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஓராண்டு முடிந்தால் அடுத்த தொண்டரைக் கையோடு அழைத்துப்போய் அறிமுகம் செய்து ஒப்படைத்த பிறகே விலக வேண்டும். பள்ளி மாணவர்களின் பங்கு பாடம் சொல்லிக்கொடுப்பதோடு நிற்கட்டும். அதுவும் பள்ளி வளாகத்துக்குள்.

பணத்துக்கு வழி பிடியரிசிதான். ஊரில் 500 வீடுகள் மாதம் 20 ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். உயர்கல்விச் செலவுக்கு அது போதாது. அதற்கு அரசின் நிதியம் இருக்கிறது. ஆனால் அரசுப் பணம் வந்துசேரும்வரை ஒரு குடும்பத்தின் பேருந்துச் செலவு, மருத்துவமனையில் துணைக்கு இருக்க ஆள், மூத்த பெண் பள்ளிக்கு வரும் நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குச் சிறு தொகை என்பவற்றுக்கு அது தாராளம். கொடுப்பது பெரியவர்களாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவைக் கூட்டத்தில் வாசித்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், பயனடைந்தவர் பெயர் இல்லாமல். நகரத்துத் தனியார் பள்ளிகள் தங்கள் ஆண்டு விழாவில் திரட்டும் தொகையை ஒரே நாளில் கொடுத்துக் கைகழுவாமல், ஒரு கிராமப் பள்ளியின் இந்தக் கணக்கோடு ஐந்தாண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. கல்வி நிதியத்தின் வரம்பில், பணிசெய்ய முடியாத அளவு காயமுற்றோரின் பிள்ளைகளையும், உரிமம் இல்லாத இடத்தில் இறந்தோரின் பிள்ளைகளையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். தகப்பன் எந்தக் கொட்டகையில் செத்தார் என்பதற்குப் பிள்ளை பொறுப்பல்ல. அடுத்து, விபத்து நடந்த பதினைந்து நாளுக்குள் இறந்தோர், காயமுற்றோரின் பிள்ளைகள் பட்டியல் வருவாய்த் துறையிலிருந்து சம்பந்தப்பட்ட பள்ளிக்கு எழுத்தில் வர வேண்டும். இன்று பல தலைமையாசிரியர்கள் அதைச் செய்தித்தாளிலும் ஊர்ப்பேச்சிலும்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

காமராஜர் பிறந்த ஜூலை 15-ஐத் தமிழகப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி நடக்கின்றன. இந்த மாவட்டத்துப் பள்ளிகள் அன்று இன்னொன்றையும் செய்யட்டும்: துணைப் பதிவேட்டை எடுத்து, அதிலுள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் ஊரறியச் சொல்லட்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒரு பதிவேடு இல்லையென்றால், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் அதைத் திறக்கச் சொல்லுங்கள். பெற்றோர் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.